முப்பத்துமூன்று சிவப்பு வரிகள்

சத்தமாகவா படித்துவிட்டேன்? மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. மனதுக்குள் படிப்பதாக நினைத்துத்தான் படித்தேன். பழக்கம் அப்படி. நூலகத்தில் என்னை இரண்டு தடவை வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

இல்லை இல்லை, பட்டிமன்றப் பேச்சு இல்லை. மனு. பதினொரு மணிக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு விசாரணை. புகார் கொடுத்தது நான். அந்தப் புகார் தவறு என்று சொல்லப் போகிறதும் நான்தான். பொறுங்கள், அதற்குள் சிரித்தால் எப்படி? முழுக்கக் கேட்டுவிட்டு யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டு பக்கத்து நியாயத்தையும் நானே சொல்கிறேன், எனக்கு அதில் கஷ்டமே இல்லை.

கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம், கத்தரிப்பூ நிறச் சேலை, தெரிகிறதா? அவர்தான் சந்தனமாரி அக்கா. நொச்சிக்குறிச்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் சத்துணவுச் சமையலர். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் சமைக்கிறார். இன்றைக்கு விசாரணை அதிகாரி எதிராக எழுதிவிட்டால் அந்த வேலை அத்தோடு போச்சு. இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு, ஒரே பஸ்ஸில் போகிறோம். அவர் முன்னால், நான் பின்னால்.

ஏன் பக்கத்தில் உட்காரவில்லையா? மனுவைத் திருத்த வேண்டியிருந்தது அக்கா. அதுதான்.

நான் எம்.ஏ. பொது நிர்வாகம், இரண்டாம் வருடம். மூன்று மாதக் களப்பயிற்சிக்கு என்னை இந்த வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். என் வகுப்பில் மற்றவர்களெல்லாம் மாநகராட்சி, துறைமுகம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான்தான் கிராமத்துப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். யாரும் எதிர்க்கவில்லைதான். இருந்தாலும் சண்டை போட்டேன்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். மூன்று அறை, ஒரு வேப்பமரம். அதற்குக் கீழே முப்பத்தெட்டுப் பள்ளிகள். வட்டாரக் கல்வி அலுவலர் ரெங்கநாயகி மேடம் காலை ஏழரைக்கெல்லாம் வாட்ஸப்பில் போட்டுவிடுவார். ‘அனைத்துத் தலைமையாசிரியர்களின் மேலான கவனத்திற்கு’ என்று ஆரம்பிக்கும், ‘இன்று மாலை நான்கு மணிக்குள்’ என்று முடியும். நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கும். குடிநீர்த் தொட்டி கழுவிய சான்று, தொட்டியோடு தலைமையாசிரியர் நிற்கும் படத்துடன். புகார்ப் பெட்டி திறந்த சான்று. புகார்ப் பெட்டியில் ஒன்றும் இல்லை என்பதற்கான சான்று. போன வருடம் நட்ட மரக்கன்று உயிரோடு இருக்கிறது என்பதற்கான சான்று. தலைமையாசிரியர்கள் ஒவ்வொன்றுக்கும் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு, நாலு மணிக்குள் எதையாவது அனுப்பிவிடுவார்கள். மேடம் எல்லாவற்றையும் துறையின் இணையதளத்தில் ஏற்றிவிட்டு ‘நிறைவு’ என்று பச்சை வந்ததும் தேநீர் குடிப்பார்.

எனக்கு இது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். சேர்ந்த இரண்டாவது வாரமே ஒன்றைப் பிடித்தேன். ஒரு பள்ளியில் மூன்று மாதமும் தொட்டி கழுவிய படம் வந்திருக்கிறது. மூன்றிலும் தலைமையாசிரியருக்கு ஒரே சட்டை. சரி, சட்டை ஒன்றாக இருக்கலாம். தொட்டி விளிம்பில் காகம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மூன்று மாதமும் அதே காகம், அதே இடத்தில், அதே பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு. நான் விடவில்லை. அந்தத் தொட்டியை மறுபடி கழுவ வைத்தேன், நேரில் போய் நின்று கழுவ வைத்தேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குச் ‘சுற்றறிக்கை’ என்று பெயர். ‘சுற்றறிக்கை வந்துட்டா?’, ‘சுற்றறிக்கை சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பார்கள். என் பெயர் மதிவதனி. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு எனக்கு நினைவில்லை.

நொச்சிக்குறிச்சி பள்ளி அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். நாற்பத்தொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அதனால் அங்கே அடிக்கடி போவேன். மத்தியான நேரத்தில் போவேன். நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை. ஒரு விதி இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்து, பதிவேட்டில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாப் பள்ளியிலும் அதை மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். இங்கே மட்டும் அப்படி நடக்கக் கூடாது என்று நானே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். ஒரு கரண்டி போதும் என்றுதான் விதி. சந்தனமாரி அக்கா ஒரு கரண்டி போடத் தெரியாதவர். தட்டு நிறையப் போட்டுவிட்டு, சாப்பிடுகிறவரை பக்கத்திலேயே நிற்பார். ஒன்றும் பேச மாட்டார். நான்தான் பேசுவேன்.

இனிமேல்தான் விஷயம்.

ஜனவரியில் பிள்ளைகளின் உயரம், எடை இரண்டையும் அளந்து தளத்தில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை அளப்பது. ஜூனில் ஒரு தடவை அளந்தாகிவிட்டது, இது இரண்டாவது. நொச்சிக்குறிச்சியில் தலைமையாசிரியர் ஸ்தனிஸ்லாஸ் சார் அளந்து சொல்ல, நான் மடிக்கணினியில் ஏற்றினேன். இரண்டாம் வகுப்பு அறைச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி படம் ஒன்று வரைந்திருக்கிறது. அதன் கழுத்தோரமாகச் சென்டிமீட்டர் கோடுகள். பிள்ளை போய் ஒட்டகச்சிவிங்கியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், சார் தலைமேல் ஸ்கேலை வைத்து எண்ணைப் படிப்பார். சாருக்கு எல்லாமே நேர்த்தியாக நடக்க வேண்டும். பிள்ளைகள் செருப்பை வாசலிலேயே விட வேண்டும், புதுத் தரை கறைபட்டுவிடக் கூடாது. அரையாண்டு விடுமுறையில்தான் பள்ளி முழுக்க டைல்ஸ் போட்டிருந்தார்கள். அதற்கான சான்றைக் கூட நான்தான் ஏற்றினேன், ‘முன்’ ஒரு படம், ‘பின்’ ஒரு படம்.

கடைசிப் பிள்ளையின் எடையை ஏற்றி முடித்ததும் தளம் தானே கணக்குப் போட்டது. போட்டு, நிறம் காட்டியது. நாற்பத்தொரு வரியில் முப்பத்துமூன்று வரி சிவப்பு.

சிவப்பு என்றால் என்ன தெரியுமா அக்கா? உயரத்துக்கு ஏற்ற எடை இல்லை என்று அர்த்தம். மெலிவு. நாற்பத்தொன்றில் முப்பத்துமூன்று. சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, பிள்ளைகள் நன்றாகத்தான் ஓடியாடுகின்றன, எதற்கும் மேடத்திடம் சொல்வோம் என்றார். மேடத்திடம் சொன்னேன். அவர், திங்கட்கிழமை போய் இன்னொரு தடவை அளந்து பார்ப்போம் என்றார்.

திங்கட்கிழமையாம். அன்றைக்கு வியாழன். இந்த ‘திங்கட்கிழமை பார்ப்போம்’தானே நாட்டையே கெடுக்கிறது? பிள்ளைகள் மெலிகிறார்கள், இவர்கள் கிழமை பார்க்கிறார்கள். உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? சொல்லுங்கள். வராதா? சரி, உங்களுக்குப் பொறுமை அதிகம்.

நான் அன்றைக்கே மாவட்டத்துக் குறைதீர் தளத்தில் புகாரை ஏற்றினேன். மூன்று பக்கம். இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரிந்த யாரும் அதைத்தான் எழுதுவார்கள். அரிசியும் பருப்பும் முட்டையும் அளவாக வந்து இறங்குகின்றன. பிள்ளைகள் மெலிந்திருக்கிறார்கள். அப்படியானால் நடுவில் எங்கேயோ போகிறது. நடுவில் யார் இருக்கிறார்? சமையலர். அதோடு தினமும் மூன்று மணிக்கு அவர் மூடி போட்ட தூக்குவாளி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போவதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையும் எழுதினேன். கண்ணால் பார்த்ததை எழுதுவதில் என்ன தப்பு?

உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தேனா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. மூடி போட்டிருந்தது என்று சொன்னேனே.

நாலே நாளில் குறிப்பாணை வந்துவிட்டது. நாலு நாள். அரசாங்கத்தில் எதுவும் வேகமாக நடக்காது என்கிறார்களே, அவர்களிடம் காட்ட வேண்டும் என்று படம் எடுத்து வைத்துக்கொண்டேன். விசாரணை முடிகிறவரை சந்தனமாரி அக்கா சமையற்கூடத்துக்குள் போகக் கூடாது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் சமைத்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்தச் சாம்பார் வந்து சேரும்போது ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருக்கும். பிள்ளைகள் முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் சுவை பார்க்கிற பொறுப்பை ஸ்தனிஸ்லாஸ் சாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வேறு வேலைகள் இருந்தன.

முதல் நாள் சந்தனமாரி அக்கா வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, என்னைக் கூப்பிட்டு, ஒரே கேள்விதான் கேட்டார்.

“நான் எதுலம்மா கொறச்சேன்?”

நான் விளக்கினேன். உயரம், எடை, விகிதம், மெலிவு, நாட்டின் சராசரி எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும். அவர் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, “எதுலன்னு நீ இன்னும் சொல்லலியே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொல்லாமலா? அரை மணி நேரம் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுவை அவசரமாகக் கூட்டினார்கள். அதற்குத் தலைவி முத்துப்பேச்சி. மூன்றாம் வகுப்பு ரூபாவின் அம்மா, தையல்காரர். இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சீருடை தைக்கிற மகளிர் சங்கத்தில் இருக்கிறார். அளவு நாடா எப்போதும் கழுத்தில் மாலை மாதிரி கிடக்கும். கூட்டம் இரண்டாம் வகுப்பு அறையில். பத்துப் பதினைந்து அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள். சந்தனமாரி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். நான் மடிக்கணினியை மேசைமேல் வைத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி அந்தச் சிவப்பைத் திருப்பிக் காட்டினேன்.

தூக்குவாளியைப் பற்றி முதலில் கேட்டார்கள். சந்தனமாரி அக்கா எழுந்துகூட நிற்கவில்லை.

“அது கழனித்தண்ணி. வீட்டுல ரெண்டு வெள்ளாடு நிக்கு. வேணும்னா அதுகளையும் பிடிச்சிட்டு வாரேன், நிறுத்தி அளந்துக்கோங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வாதமாகாது அக்கா. நான் அதையே சொன்னேன். அப்போதுதான் ஸ்தனிஸ்லாஸ் சார், விதிப்படி எல்லா ஆவணத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, சுவைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். முத்துப்பேச்சி அதை வாங்கி உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். இருபத்தேழு நாள், இருபத்தேழும் என் கையெழுத்து. முதல் வாரம் வெறும் ‘நன்று’ என்று எழுதியிருந்தேன். பிறகு பிறகு கொஞ்சம் விரிவாகப் போயிருக்கிறது. ‘கொண்டைக்கடலை பதமாக வெந்திருந்தது.’ ‘சாம்பாரில் முருங்கைக்காய் சேர்த்தது பாராட்டுக்குரியது.’ ‘இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.’ கடைசியாக ஒரு வியாழக்கிழமை, ஒன்று ஐந்துக்கு, ‘மிளகு தூவிய முட்டை, அருமை.’ அதே வியாழக்கிழமை நாலு நாற்பதுக்குத்தான் புகாரை ஏற்றியிருந்தேன்.

நான் தெளிவாகச் சொன்னேன். சுவை வேறு, அளவு வேறு. ருசியாகச் சமைக்கிற ஒருவர் குறைவாகச் சமைக்கவும் முடியும். இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? இருக்கிறதா? முத்துப்பேச்சி, “முரண்பாடு எல்லாம் இல்ல தாயீ, ஒனக்கு வயிறு ரொம்பிருக்கு, அம்புட்டுத்தான்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். சிவப்பை விட்டுவிட்டு, ரூபாவின் உயரம் மட்டும் எவ்வளவு போட்டிருக்கிறது என்று கேட்டார். பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு. ஜூனில்? நூற்றுப் பதினெட்டு. முத்துப்பேச்சி கழுத்திலிருந்த நாடாவை உருவினார்.

“ஆறு மாசத்துல பத்து சென்டிமீட்டரா? சூன்ல முட்டுக்குக் கீழ நாலு விரல் எறக்கிப் பாவாட தச்சேன். இப்ப மூணு விரல் எறங்கி நிக்கு. ஒரு விரல்தான் வளந்துருக்கா. நீங்க சொல்லுத மாதிரி வளந்திருந்தா பாவாட எங்க போய் நிக்கணும்?”

அறையே என்னைப் பார்த்தது. நான் மற்ற வரிகளைப் பார்த்தேன். எல்லாப் பிள்ளையும் ஒன்பது சென்டிமீட்டர், பத்து சென்டிமீட்டர், பதினொன்று. எடை வழக்கம்போல ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. எடை கூடியிருக்கிறது அக்கா. நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை, நிறத்தைத்தான் பார்த்தேன். தளம் நிறத்தைத்தானே பெரிதாகக் காட்டுகிறது.

முத்துப்பேச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒட்டகச்சிவிங்கியோடு நிறுத்தினார். ஸ்தனிஸ்லாஸ் சார் தலைமேல் ஸ்கேலை வைத்தார். நூற்று அறுபத்தாறு. கல்லூரியில் என்.சி.சி.யில் அளந்தபோது நான் நூற்று ஐம்பத்தொன்பது. அப்போது இருபது வயது.

“நம்ம சந்தனமாரி சோத்துக்கு, இவ்வளவு வயசுக்கப்புறமும் ஏழு சென்டிமீட்டர் வளந்துருக்கு பாருங்க” என்றார் முத்துப்பேச்சி. இப்போது ஸ்தனிஸ்லாஸ் சாரே சிரித்துவிட்டார். சிரித்தவர் ஏதோ தோன்றிக் குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒட்டகச்சிவிங்கிக்குக் குளம்பு இல்லை.

நாலு காலும் முட்டுக்குக் கொஞ்சம் கீழே டைல்ஸுக்குள் போய் முடிகின்றன. பழைய சிமெண்டுத் தரையை உடைக்காமல், அதன் மேலேயே கலவை கொட்டி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். தரை ஏழு சென்டிமீட்டர் மேலே வந்துவிட்டது. சுவரில் இருந்த கோடு அங்கேயே இருக்கிறது. பிள்ளைகள் உயரவில்லை, தரைதான் உயர்ந்திருக்கிறது. எடையை அப்படியே வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் ஏற்றினால் தளம் என்ன செய்யும்? மெலிவு என்றுதான் சொல்லும். டைல்ஸ் போட்ட பிறகு கதவு தட்டுகிறது என்று ஸ்தனிஸ்லாஸ் சார் தச்சரைக் கூப்பிட்டு அடியில் அறுக்க வைத்தாராம். அதற்குக்கூடச் சான்று அனுப்பியிருக்கிறார். ‘கதவு சரிசெய்யப்பட்டது, நிறைவு.’

பின்வரிசையில் அம்மாவின் மடியில் இருந்த ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, “அது ரொம்ப நாளா முட்டுக்கால் போட்டுத்தான் நிக்கு” என்றது. யாரும் அதனிடம் கேட்டதில்லை.

சரி, இப்போது சொல்லுங்கள். யார் மேல் தப்பு? கொத்தனார் மேல் இல்லையா? தரை போடச் சொன்ன உத்தரவில் சுவர் அளவைத் திருத்தச் சொல்லி ஒரு வரி இல்லை, அது யார் தப்பு? ‘முன்’ படத்தில் ஒட்டகச்சிவிங்கிக்குக் குளம்பு இருந்தது, ‘பின்’ படத்தில் இல்லை என்பது உண்மைதான். இரண்டையும் ஏற்றியவள் நான் என்பதும் உண்மைதான். ஆனால் நான் அப்போது தரையைத்தானே பார்த்தேன். தரையைப் பற்றிய சான்றில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

காகத்தை மட்டும் எப்படிப் பார்த்தேனா?

அது வேறு.

அன்றைக்குச் சாயங்காலமே முத்துப்பேச்சியின் நாடாவை வைத்து நாற்பத்தொரு பேரையும் மறுபடி அளந்தோம். கணக்குப்படி இரண்டே பேர்தான் மெலிவு. அந்த இரண்டு பேரும் முன்னாலிருந்தே அப்படித்தான், மருத்துவக் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது. சரி, உயரத்தைத் திருத்திவிடலாம் என்று தளத்தைத் திறந்தால், அது ஏற்கவில்லை. ‘முந்தைய பதிவைவிட உயரம் குறைய வாய்ப்பில்லை’ என்று எழுத்து வருகிறது. நியாயம்தான், பிள்ளைகள் குறைய மாட்டார்கள். ஆனால் என்ன ஆயிற்று? நிஜத்தில் அத்தனை உயரம் வளர்கிறவரை அந்த முப்பத்துமூன்று பிள்ளைகளும் சிவப்பில்தான் இருக்க வேண்டும். ஒன்றரை வருடம் ஆகும் என்று ஸ்தனிஸ்லாஸ் சார் கணக்குப் போட்டார். மேடத்திடம் போனேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. “அந்தத் திங்கட்கிழமைவரை பொறுத்திருக்கலாம்மா” என்று மட்டும் சொன்னார்.

புகாரைத் திரும்பப் பெறலாம் என்று பார்த்தால் அந்தத் தளத்தில் அப்படியொரு பொத்தானே இல்லை. ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று நிற்கிறது. விசாரணை நடந்தே தீரும். அதிகாரியின் முன்னால் இருக்கப்போவது முப்பத்துமூன்று சிவப்பு வரியும் என் மூன்று பக்கமும்தான். புகார் கொடுத்தவரே நேரில் வந்து எழுத்துமூலம் சொன்னால் மட்டும் முடித்து வைக்கலாம் என்றார்கள். அதனால்தான் இந்த மனு. நாலு பக்கம். மூன்று நாளாக எழுதுகிறேன்.

படித்துப் பாருங்கள், பரவாயில்லை. கடலைக் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி தளத்தின் வடிவமைப்பில் உள்ள குறைகள். இரண்டாவது, தரை சீரமைப்பு உத்தரவில் விடுபட்டவை. மூன்றாவது, அளவை முறைகளைச் சீராக்கப் பத்துப் பரிந்துரைகள். நாலாவது, புகார் அளித்தவர் எந்தச் சூழ்நிலையில் அளிக்க நேர்ந்தது என்பது. இரண்டாவது பக்கத்தைக் கவனமாகப் படியுங்கள், என் பேராசிரியரே பாராட்டுவார்.

என்ன?

இல்லை, சொல்லுங்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள், ஹாரன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

அந்த அக்கா பெயர் எங்கே வருகிறது என்றா?

வருமே. மூன்றாம் பக்கத்தில் இருக்க வேண்டும். இதோ, ‘சம்பந்தப்பட்ட பணியாளர்’. அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. பெயர் இல்லையா? பொறுங்கள். முதல் பக்கம், இல்லை. நாலாம் பக்கத்தில் ‘நான்’ இருக்கிறது, நிறைய இருக்கிறது.

பழைய புகாரின் நகல் பையில் இருக்கிறது. எடுக்கிறேன். ‘சமையலர் திருமதி சந்தனமாரி’, ஒன்று. ‘மேற்படி சந்தனமாரி’, இரண்டு. மூன்று. இங்கே இரண்டு, ஐந்து. தூக்குவாளிப் பத்தியில் மட்டும் ஆறு. பதினொன்று அக்கா. மூன்று பக்கத்தில் பதினொரு இடத்தில் இருக்கிறது. இதில் நாலு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

நான் வேண்டுமென்று விடவில்லை. குறைகளைப் பற்றி எழுதும்போது ஆள் பெயர் வராமல் எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதுதான் முறை.

புகாரில் மட்டும் வந்ததே என்று கேட்கப் போகிறீர்கள். கேட்காதீர்கள். தெரியும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது? இருபது நிமிஷமா? உங்களிடம் பேனா இருக்கிறதா? என்னுடையது மூன்று நாளில் தீர்ந்துபோய்விட்டது. கொஞ்சம் இந்தக் கோப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், அடியில் வைத்து எழுதுகிறேன்.

‘ஐயா. நொச்சிக்குறிச்சி தொடக்கப்பள்ளிச் சமையலர் திருமதி சந்தனமாரி மேல் நான் கொடுத்த புகார் தவறு.’ கோணலாக வருகிறது. பரவாயில்லையா? ‘பிள்ளைகளின் உயரம் தவறாக அளக்கப்பட்டதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.’ ‘அளக்கப்பட்டதை’ என்றால் யாரோ செய்த மாதிரி இருக்கிறதா? நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்? பத்தாவதா? சரி. ‘சரிபார்க்காமல் ஏற்றியது நான். திருமதி சந்தனமாரி பிள்ளைகளின் உணவில் எதையும் குறைக்கவில்லை. அந்த உணவை இருபத்தேழு நாள் நானும் சாப்பிட்டேன். அவரை மறுபடி சமைக்க விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மதிவதனி.’

அவ்வளவுதானா? ஆறே வரி. ‘எனினும்’ என்று ஒன்று போட்டு, அந்தத் தளத்தைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வாக்கியம்? வேண்டாமா? பத்துப் பரிந்துரைகளையும் தனியாகத் தபாலில் அனுப்பலாம், இல்லையா? அது என் உரிமை. அதில் நீங்கள் தலையிட முடியாது.

அக்கா, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முன்னால் போகிறேன். அதிகாரி படிப்பதற்கு முன்னால் அவர் படிக்கட்டும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவரே சொல்லட்டும்.

பயமா? யாரிடமும் எனக்குப் பயம் கிடையாது. துணைவேந்தரிடம் நேருக்கு நேர் வாதாடியிருக்கிறேன். ஆனால் இவர் வாதாட மாட்டார். படித்துவிட்டு என்னைப் பார்ப்பார். அப்போது நான் என்ன பேசுவது?

ஒன்றும் பேச வேண்டாமா?

சரி. பஸ் எங்கேயாவது நிற்கட்டும், போகிறேன். இனி எங்கேயும் நிற்காதா, நேரே பஸ் நிலையந்தானா? அப்படியானால் இப்போதே போக வேண்டியதுதான். இந்தாருங்கள் உங்கள் பேனா. இல்லை, இருக்கட்டும், அவருக்கும் ஒரு கையெழுத்துப் போட வேண்டி வரலாம்.